பச்சி கூப்பிட்ட குரல்

இந்தக் கதையைச் சரியாகச் சொல்லி முடிப்பேனா என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது. ஒரு தவளையை விட்டுவிட்டாலும் கதை கெட்டுவிடும். விட்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில், தவளையும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சதுப்புக் காடு. அங்கே எத்தனையோ சாதித் தவளைகள் இருந்தாலும் எல்லாம் ஒரே குரலில்தான் கத்தும். தனிக்குரல் கேட்டால் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாம்பு கண்டுபிடித்துவிடும் என்ற பயம்.

மேட்டு ஊர்க்காரர்களுக்கு அந்த இடத்தில் நெல் போட ஆசை. ஊர்த்தலைவர் எஃபுவா என்ற பெண்ணை அனுப்பினார். "அங்கே ஒரே தவளைக் குடிதான் இருக்கிறதென்றால் அடுத்த குளத்துக்குப் போகச் சொல்லிவிட்டு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிப்போம். பல குடிகள் என்றால் தொடக்கூடாது" என்றார். காதால் கேட்டதை மட்டுமே சபையில் சொல்ல வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம்.

எஃபுவா முழங்கால் சேற்றில் நடந்து, விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தாள். சாயங்கால மழை பிடித்தது. காடே ஒரே குரலில் கத்தியது.

"ஒரே ஒரு குடிதானா? அப்போ நாளைக்கு மண்வெட்டி வந்துடும்" என்று எழுந்தாள்.

"அம்மா, நாங்க நிறைய பேர் இருக்கோம்!" என்றது பெரிய தவளை.

"நீங்க சொன்னா ஆச்சா? என் காது கேக்கணுமே!"

தவளைகள் திகைத்துப்போயின. பச்சி என்ற சின்னஞ்சிறு தவளைக்குத்தான் கவலை அதிகம். அவள் வயிறு நிறைய முட்டை. தண்ணீர் போய்விட்டால் அவற்றை எங்கே இடுவாள்?

"ஆளுக்கொரு குரல்ல கத்துவோம்" என்றாள்.

"உளுந்து அளவு இருந்துகிட்டு யோசனை சொல்ல வந்துட்டா!" என்று பெரிய தவளை சிரித்தது. "பாம்பு அந்த வேர்லதான் கிடக்கு. நீ முதல்ல கத்து, பார்ப்போம்."

பச்சி கணவனைப் பார்த்தாள். "ஏங்க, நீங்களாவது..."

"எனக்குத் தொண்டை சரியில்லை" என்று அவன் இலைக்கடியில் போய்விட்டான்.

எஃபுவா திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள். பச்சி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கூப்பிட்டாள்.

"டிங்!"

வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியதுபோல் இருந்தது. எஃபுவா நின்றாள். பாம்பும் தலையைத் தூக்கியது.

"டிங்! டிங்!"

வெட்கத்தில் பெரிய தவளை "கொர்ர்" என்றது. மரப்பொந்திலிருந்து ஒன்று "டொக்" என்றது. சேற்றுக்குள் ஒன்று ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. ஒன்று விசிலடித்தது, ஒன்று கதவு போலக் கிறீச்சிட்டது. அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை!

"ஐயோ, மெதுவா! எண்ண என் விரல் போதலையே!" என்று எஃபுவா குதித்தாள். வழுக்கிச் சேற்றில் விழுந்தாள். எழுந்து சிரித்துக்கொண்டே ஊரைப் பார்த்து ஓடினாள். இடுப்புவரை சேற்றோடு சபையில் நின்று, கேட்ட ஒவ்வொரு குரலையும் கத்திக் காட்டினாள். தலைவர் மண்வெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆனால் பச்சி இருந்த இடம் பாம்புக்குத் தெரிந்துவிட்டதே! அது வழுக்கிக்கொண்டு வந்தது. பச்சி கனத்த வயிற்றோடு கொடியில் தொற்றி ஏறினாள். தண்ணீருக்கு மேலே தொங்கிய இலையின் நுனிக்குப் போய்விட்டாள். பாம்பின் கனத்தை அந்தக் கொடி தாங்கவில்லை. பாம்பு பொத்தென்று தண்ணீரில் விழுந்து, கோபமாக நீந்திப் போயிற்று.

கணவன் மெல்ல மேலே ஏறி வந்தான். "தொண்டை இப்போ தேவலை" என்றான்.

"அப்போ இனிமே நீங்களே கத்துங்க" என்றாள் பச்சி. அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

அன்று முதல்தான் மழை வந்தால் ஒவ்வொரு குடித் தவளையும் தன் சொந்தக் குரலில் கத்துகிறது. கத்துவதெல்லாம் ஆண்கள். பச்சியோ, குஞ்சுகள் மழையோடு நழுவித் தண்ணீரில் விழட்டும் என்று, அந்த இலையிலேயே நுரை கட்டி, அதற்குள் முட்டைகளை இட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.