கையில் கம்பு, தலையில் சருவம்

மாடக்கண்ணு வாத்தியார் வாலிபத்தில் சிலம்பக் கம்பைச் சுழற்றினால் ஈ கூடக் கிட்டே வராது. எத்தனையோ ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் ஆடி, எத்தனையோ பேரை மண்ணைக் கவ்வ வைத்தவர். எந்த அடிக்கும் அசராத அந்த மனுசன் கடைசியில் மந்தைக்குளத்தில் பெண் எடுத்தார். மாமனார் ஊரிலேயே சிலம்பக்கூடமும் போட்டார். அதோடு அவர் நிம்மதி போச்சு.

மந்தைக்குளத்துக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். சிக்கலே அதுதான்.

கூடத்தில் மூன்று சீடர்கள். தளவாய், ஆவுடை, சொள்ளமுத்து. மூவரும் பிள்ளைகுட்டிக்காரர்கள், மீசையெல்லாம் நன்றாகவே இருந்தது. முதல் நாள் வாத்தியார் சொன்னார்: "சிலம்பத்துல ஒரே சட்டம்தாம்ல. கம்பைக் கீழ விட்டவன் தோத்தான். உசுரே போனாலும் கம்பை விடப்படாது."

மறுநாள் ஒருத்தனையும் காணோம். தேடிக்கொண்டு போனால், தளவாய் வீட்டுக்குள்ளே கம்பை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்கிறான். கதவு நிலை அவனை வெளியே விடமாட்டேன் என்கிறது. மற்ற இரண்டு பேரும் தெருவில் நின்று யோசனை பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

"ராத்திரி எப்படில உள்ள போனே?"

"கூரையைப் பிரிச்சு இறங்கினேன் வாத்தியாரே."

"கம்பை ரெண்டா வெட்டிட்டா என்ன?" என்றான் சொள்ளமுத்து.

ஆவுடை கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். "வெட்டினா பாதிக் கம்பு கீழ விழுந்துரும். தளவாய் தோத்துருவான். சுவரை இடிக்கிறதுதான் முறை."

"கம்பைச் செங்குத்தாப் பிடிச்சுக்கிட்டு வெளிய வாலே, மூதி!" என்று கத்தினார் வாத்தியார். தளவாய் அப்படியே வெளியே வந்தான். மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். இதுக்குத்தான் ஒரு குரு வேணுங்கிறது என்று ஆவுடை கண்கலங்கிச் சொன்னான்.

அதிலிருந்து அவர்கள் கம்பைக் கீழே வைத்ததே இல்லை. பெண்டாட்டிமார்தான் மூன்று வேளையும் சோறு ஊட்டினார்கள். அவர்கள் வாத்தியாரைத் திட்டியதை எழுதினால் நன்றாக இருக்காது.

இந்த நேரத்தில்தான் பக்கத்து ஊர் கீழக்காட்டு வெயிலுமுத்து வாத்தியார் வம்புக்கு வந்தார். மந்தைக்குளத்து அம்மன் இரண்டு ஊருக்கும் பொது. கொடை அன்றைக்கு அம்மன் சப்பரத்துக்கு முன்னால் கம்பெடுத்துப் போகிற மரியாதை வருசா வருசம் மாடக்கண்ணுவுக்குத்தான். "முட்டி தேஞ்ச ஆளுக்கு எதுக்கு அந்த மரியாதை? உம்ம சீடன் ஒருத்தன் என்னை ஜெயிக்கட்டும். இல்லைன்னா இனிமே நான் முன்னால போறேன்" என்றார் வெயிலுமுத்து.

மறுநாள் கொடையிலேயே போட்டி என்று மாடக்கண்ணு ஒத்துக்கொண்டார். ஊர் ஊராகச் சுற்றி வாங்கிய பேரில் மிச்சம் இருப்பது அந்த மரியாதை ஒன்றுதான். அதுவும் போனால் அவரை யார் வாத்தியார் என்று கூப்பிடப் போகிறார்கள்? தளவாயைப் போட்டிக்குப் பொறுக்கி, நல்லபடியாகவே புத்தி சொன்னார். "எதிராளி எங்க அடிப்பான்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கணும்ல. அது தெரிஞ்சா உன்னை அசைக்க ஆள் கிடையாது."

அன்று சாயங்காலமே மூன்று பேரும் கீழக்காட்டுக்குப் போனார்கள். வெயிலுமுத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம் அண்ணாச்சி. நாளைக்கு என்னை எங்க அடிப்பிய?" என்று கேட்டான் தளவாய்.

கடையே சிரித்தது. "உன் தலையிலதாம்ல. வேற எங்க?"

"உறுதிதானே? பிறகு மாத்தப்படாது."

"உறுதிடே. போ."

மூன்று பேரும் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். நல்ல மனுசன், கேட்டதும் சொல்லிட்டாரே என்று வழியெல்லாம் அவரைப் பாராட்டிக்கொண்டே வந்தார்கள்.

மறுநாள் கோயில் மைதானத்தில் தளவாய் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து மாடக்கண்ணுவுக்கு மயக்கமே வந்தது. தலையில், கழுத்து வரைக்கும், அவன் பெண்டாட்டி சோறு வடிக்கிற பித்தளைச் சருவம் கவிழ்ந்திருந்தது. முகமே தெரியவில்லை.

வெயிலுமுத்து சிரித்துக்கொண்டே காலில் ஒரு அடி போட்டார்.

"நிறுத்தும்!" என்றது சருவம். "தலைன்னுதானே சொன்னிய? டீக்கடையில அத்தனை பேருக்கு முன்னால சொன்னியளா இல்லையா?"

"சொன்னாருதான், நானே கேட்டேன்" என்றார் கூட்டத்தில் நின்ற டீக்கடைக்காரர். "பெரிய வாத்தியாரு பேச்சு மாறலாமா?" என்று கீழக்காட்டுக்காரர்களே முணுமுணுத்தார்கள். வெயிலுமுத்துவுக்கு மானம் போயிற்று. வந்த கோபத்தில் கம்பை ஓங்கிச் சருவத்தின் மேல் ஒரே போடாகப் போட்டார்.

டங்ங்ங்! கோயில் மணி கூட அப்படி அடித்ததில்லை. அந்த அதிர்ச்சி கம்பு வழியாக ஏறி அவர் தோளைப் பிடித்து உலுக்கியது. கம்பு கையை விட்டுப் பறந்து பொங்கல் பானை ஓரத்தில் போய் விழுந்தது. தளவாய் தன் கம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அவனுக்கு நிற்பதைத் தவிர வேறு வேலையே இல்லை.

ஜெயித்தாச்சு! மாடக்கண்ணு முட்டிவலியை மறந்து குதித்தார். "ஏலே தளவாய், நீதாம்ல சப்பரத்துக்கு முன்னால போகணும். நேரா போய்க்கிட்டே இரு!"

சருவம் நசுங்கித் தலையை இறுக்கிக்கொண்டது. கம்பை விட்டுவிட்டு அவனே இரண்டு கையாலும் இழுத்தால் வந்துவிடும் என்றார்கள். விட்டால் தோற்றுப் போவேனே என்றான் அவன். சரி, ஊர்வலம் முடியட்டும் என்று மேளத்தை அடித்தார்கள்.

கம்பு முன்னால், அம்மன் பின்னால் என்பது வழக்கம். கம்பை முந்த யாருக்கும் உரிமை இல்லை. தளவாய் நேராகப் போனான். ஆவுடையும் சொள்ளமுத்தும் அவன் போன வழியே போனார்கள். சப்பரம் அவர்கள் பின்னால் போயிற்று. முட்டிவலிக்கார வாத்தியார் எல்லாருக்கும் கடைசியில், ஆனந்தக் கண்ணீர் வழிய, ஒரு கையில் கம்பும் மறு கையில் மாலையுமாக வந்தார். தெரு முடிந்து வயல் வந்ததையும், வயல் முடிந்து புளியந்தோப்பு வந்ததையும் அவர் கவனிக்கவில்லை. இந்த வருசம் தெரு ரொம்ப நீளம் என்று மட்டும் தோன்றியது.

கீழக்காட்டு எல்லையில், தன் வீட்டு வாசலில் தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த வெயிலுமுத்து, மேளதாளத்தோடு அம்மன் தன் ஊருக்கே வருவதைப் பார்த்துத் துள்ளி எழுந்தார். "ஆத்தா என்னைத் தேடியே வந்துட்டாளே!" என்று ஓடிப் போய்த் தேங்காய் உடைத்தார்.

அந்தச் சத்தத்தில்தான் மாடக்கண்ணுவுக்குச் சுயநினைவு வந்தது. நொண்டி நொண்டி முன்னால் ஓடிவந்து பார்த்தார். எதிரி ஊர், எதிரி வாசல், எதிரி கையில் தீபாராதனைத் தட்டு.

"அடப்பாவிகளா! குடி கெட்டுதே!" என்று இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். மாலை ஒரு பக்கம் போயிற்று. கம்பு தரையில் விழுந்து உருண்டது.

சருவம் மெல்லத் திரும்பியது. "யாரோ கம்பைக் கீழ விட்டுட்டாங்க. யாருல அது?"

"நம்ம வாத்தியாரு" என்றான் ஆவுடை, துக்கத்தோடு.

"நம்ம கம்பு?"

"மூணும் கையிலதான் இருக்கு."

சருவம் நிமிர்ந்தது. பிறகு கணீரென்று குரல் வந்தது.

"அப்ப வாத்தியாரையும் ஜெயிச்சாச்சு! அடிங்கடே மேளத்தை!"