கல்யாண வண்டிக்கு ஃபேன் சுவிட்ச் வைத்த கதை

எங்கள் நான்கு பேருக்கும் புத்தி கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது அநியாயம். நான்கு பேருக்கும் சேர்த்துக் கொஞ்சம் இருந்தது. என் கல்யாணத்தன்று அது யாரிடம் இருந்தது என்பதுதான் தெரியவில்லை.

கல்யாணம் கரடிப்பாறை உச்சியில், முருகன் கோயிலில். முகூர்த்தம் தவறினால் பெண் கிடையாது என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாதை முழுக்கக் கல். அதில் ஏறக்கூடியது எல்லப்பனின் நாலு சக்கர பைக் ஒன்றுதான். அதிலும் இன்ஜினைக் குளிரவைக்கும் ஃபேன் தானாக ஓடுவதை நிறுத்திவிட்டது. கையால் போடுகிற மாதிரி ஒரு சுவிட்ச் வைத்துத் தருகிறேன், சுவிட்சை மட்டும் வாங்கி வாருங்கள் என்றார் மெக்கானிக் அந்தோணி.

எலக்ட்ரிக் கடை வாசலில் கூடிப் பேசினோம். சாதாரண சுவிட்ச் என்றால் அணைக்க மறந்து பேட்டரி தீர்ந்துவிடும் என்று வீரபத்திரன் கவலைப்பட்டான்.

"காலிங் பெல் சுவிட்ச் வாங்கலாம்டா. விரலை எடுத்தா அதுவே அணைஞ்சிரும். மறதிக்கே வழியில்ல," என்றான் துரைராசு.

இப்பேர்ப்பட்ட அறிவாளியோடு பழகுகிறோமே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தோணி அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு வாங்க நேரமில்லை. பொருத்திவிட்டு, "மேட்டுல ஏறும்போது அழுத்திக்கிட்டே இருங்க. மேல போனாலும் இன்ஜின் ஆறுற வரைக்கும் விரலை எடுத்துராதீங்க," என்றார்.

பைக்கில் மூன்று பேருக்குத்தான் இடம். அடிவாரத்தில் மறுபடி கூடினோம். ஓட்ட எல்லப்பன். சூட்டைத் தொட்டுப் பார்க்க வீரபத்திரன். சுவிட்சை அழுத்தத் துரைராசு.

"மாப்ள, உனக்கு வண்டில என்ன வேலை?" என்று எல்லப்பன் கேட்டான்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு வேலையும் இல்லை. நியாயம்தானே என்று பட்டு வேட்டியோடு இறங்கிக்கொண்டு, பத்திரமாகப் போய் வாருங்கள் என்று கையும் காட்டினேன்.

நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். மாமனார் கையில் மாலையோடு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாராம். என்னை அழைத்துப்போக எல்லப்பன் மட்டும் திரும்பி வந்தான். இறக்கத்தில் இன்ஜின் அவ்வளவாகச் சூடாகாது, அதனால் மற்ற இருவருக்கும் வேலையில்லை என்று மேலேயே விட்டுவிட்டானாம். இப்போது ஏறும்போது சுவிட்ச் அழுத்த ஆள் வேண்டுமே. அந்த வேலை எனக்குக் கிடைத்தது. பெண் போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் போனேன். ஆனாலும் விரலை எடுக்கவில்லை.

கோயில் வாசலில் மாமனார் ஓடி வந்தார். "முகூர்த்தம் முடியப்போகுது, இறங்குங்க மாப்பிள்ளை."

"இன்ஜின் இன்னும் ஆறல மாமா," என்றேன். வீரபத்திரன் தொட்டுப் பார்த்து, ஆமாம் என்று கையை உதறினான்.

மணமேடையிலிருந்து செண்பகவல்லி எழுந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். சுவிட்சைப் பார்த்தாள். கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

"தள்ளுங்க, நான் அழுத்துறேன். நீங்க தாலியைக் கட்டுங்க," என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சுவிட்சில் விரலை வைத்துத் தலை குனிந்தாள். மூன்று முடிச்சும் போட்டேன்.

பிறகு, பெண்ணுக்கு விரல் வலிக்கக்கூடாது என்று சொந்தபந்தம் எல்லாம் வரிசையில் நின்றது. அட்சதை போட்டு, ஆளுக்குக் கொஞ்ச நேரம் சுவிட்சை அழுத்திவிட்டுப் பந்திக்குப் போனார்கள். சாயங்காலம் வரை அழுத்தியும் இன்ஜின் ஆறவில்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நிறுத்தச் சொல்லி அந்தோணி எங்களிடம் சொல்லவே இல்லை.