மேலத்துறைச் சாயமும் செங்கமலத்தின் கொடிக்காலும்

ஆறுகளெல்லாம் ராஜாவுக்கே சொந்தம் என்றிருந்த காலம். அவுரிப்பட்டணம் என்று ஓர் ஊர். ஆற்றின் மேலத்துறையில் சாயப் பட்டறைகள். அந்தத் தண்ணீர் இறங்கிவரும் கீழத்துறையில் வெற்றிலைக் கொடிக்கால்கள்.

அதில் ஒரு கொடிக்கால் செங்கமலத்துடையது. புருஷனைப் பறிகொடுத்தவள். அவளுக்கும் அவளுடைய இரண்டு பெண்களுக்கும் அந்த வெற்றிலைதான் சோறு.

மேலத்துறைத் துணி கப்பலேறிப் போயிற்று. அப்படியொரு மலிவு! ஏன் மலிவு? கழிவை ஆற்றிலே கவிழ்த்துவிட்டால் பட்டறைக்காரனுக்குச் செலவு மிச்சம். மிச்சமான செலவெல்லாம் ஆற்றோடு வந்து செங்கமலத்தின் தலையில் விடிந்தது. கொடி பழுத்தது, இலை கருகியது, பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டன.

பட்டறைகளின் தலைவர் தாண்டவராயரிடம் போய் நின்றாள்.

"விற்கிறவன் விற்கிறான், வாங்குகிறவன் வாங்குகிறான். நடுவிலே நீ யாரம்மா?" என்றார் அவர்.

நடுவிலே அவள் யார்! கேட்டீர்களா கேள்வியை? நேரே ராஜாவிடம் போனாள்.

ராஜா நல்லவர்தான். அதுதான் வினையே. "அதிகாரி வந்து பார்ப்பார்" என்றார். அந்த ராஜ்யத்தில் ஒரு வழக்கம்: அதிகாரி எங்கே போனாலும் மூன்று நாள் முன்னதாக முரசு போகும். முரசு கேட்டதும் பட்டறைகள் கழிவு வெளியே போகாமல் சாயத் தொட்டிகளை மூடின. அதிகாரி வந்து ஒரு கை அள்ளிக் குடித்து, "தேன்!" என்று எழுதிவிட்டுப் போனார். மறுநாளே ஆறு நீலமாய் ஓடியது.

அடுத்த வருஷம் மறுபடி போனாள். இந்த முறை ராஜா, தொட்டிக்கு இவ்வளவு என்று வரி போட்டார். வலித்தால் குறைப்பார்கள் என்று நினைத்தார். அவர்களோ துணி விலையில் அதை ஏற்றிவிட்டார்கள். கப்பல்காரன் கேட்டானா, கொடுத்துவிட்டுப் போனான். வரி குவிந்தது, ராஜா ஒரு வசந்த மண்டபம் கட்டத் தொடங்கினார். பாதி கட்டியதும், "தொட்டி இன்னும் நாலு கூடினால் நல்லது" என்று மந்திரியிடம் சொன்னாராம். எப்படி இருக்கிறது நியாயம்!

மூன்றாம் வருஷமும் போனாள். போகும்போது கொடிக்காலில் நாலே நாலு கொடிதான் உயிரோடு இருந்தது.

"நஷ்டத்துக்கு ஏதாவது வாங்கிக்கொள்கிறாயா அம்மா?" என்றார் ராஜா.

"வேண்டாம் மகாராஜா. பட்டறைக்காரர்கள் இப்போது தொட்டிகளுக்கு மேலேயுள்ள ஊற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள். இனி அவர்கள் குடிப்பதும் சமைப்பதும் என் துறைத் தண்ணீராய் இருக்கட்டும். அதற்கு ஒரு காவல் போடுங்கள், போதும்."

"இவ்வளவுதானா!" ராஜா சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். வரிக்குப் பங்கமில்லையே.

பத்தே நாள்! மேலத்துறையில் ஒரே பரபரப்பு. கழிவை ஆற்றில் விடாமல் தேக்கி வற்றவைக்கக் குழி வெட்டினார்கள். துணி கொஞ்சம் விலை ஏறியது, கப்பலும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆறு தெளிந்தது. பத்து நாளில் செய்யத் தெரிந்ததை மூன்று வருஷம் செய்யாமல் இருந்திருக்கிறார்கள், பாவிகள்.

செங்கமலம் புதுக்கொடி நட்டாள். வேர் பிடிக்கவில்லை. மூன்று வருஷச் சாயம் குடித்த மண் எதையும் ஏற்கவில்லை. மறுபடி நட்டாள், அதுவும் பட்டுப்போனது. பிள்ளைகள் பசியென்று அழுதன. கூலிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மேலத்துறைக்கு நடந்தாள்.

அங்கே இரண்டாவது குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். தாண்டவராயர் கரையில் நின்று அதட்டினார்: "நன்றாய் ஆழமாய் வெட்டுங்கள்! எங்கள் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர், விளையாட்டில்லை!"

செங்கமலம் குழிக்குள் இறங்கினாள். மண்கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஆகவே கேட்டவர்களே, இதை மனசில் வையுங்கள்: கெடுதல் செய்கிறவனே அதன் பாரத்தையும் சுமக்கும்படி அரசு காலத்தோடு செய்யாவிட்டால், சம்பந்தமே இல்லாத ஏழைதான் அதைச் சுமந்து அழிந்துபோவான்.