அருளாயி தூக்காத சிலுவை

ஒரு ஊர்ல ஒரு அருளாயி இருந்தா. கடற்கரை ஊரு. புருஷன் கடலுக்குப் போனா திரும்பி வர ரொம்ப நாளாகும். வீட்டுல அவளும் கண்ணு தெரியாத மாமியார் வியாகுலம்மாளும்தான். கேக்குறியாடி கண்ணு? ம்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாள் தவக்காலம் வந்தா ஆளாளுக்குப் பிடிச்ச ஒண்ணை விட்டுருவாங்க. ஒறுத்தல்னு பேரு. விட்டதைத் தொடாம இருந்தவங்கதான் ஆண்டவர் உயிர் விட்ட பெரிய வெள்ளியன்னிக்குத் தெருத்தெருவாத் தூக்கிட்டுப் போற மரச்சிலுவைக்குத் தோள் குடுக்கலாம். அருளாயிக்கு அதுல கொள்ளை ஆசை. ஆண்டவர் பட்ட பாட்டுல ஒரு துளியாவது நாமளும் படணும்னு நெனச்சா.

முதல் வருஷம் டீயை விட்டா. தலை விண்விண்ணுன்னு தெறிச்சுது. பாக்குறவங்க மேலெல்லாம் வள்ளுவள்ளுன்னு விழுந்தா. மாமியார்க் கிழவி தண்ணி கேட்டா செம்பை ணங்குன்னு வச்சா. அது பயந்து தாகத்தோட உக்காந்திருந்துச்சு. அதைப் பாத்து அருளாயிக்கே வெட்கமாப் போச்சு. மடக் மடக்குன்னு டீயைக் குடிச்சுட்டா. அந்த வருஷம் போச்சு.

அப்புறம் அடுத்த வருஷம் செருப்பை விட்டா. கொதிக்கிற மணல்ல தத்தித் தத்தி நடந்து காலெல்லாம் கொப்புளம். படுத்துட்டா. கிழவி சுவத்தைத் தடவித் தடவி வந்து அவ காலுக்கு எண்ணெய் போட்டுச்சு. அருளாயிக்கு ஒண்ணும் புரியல. ‘கஷ்டம் நான்தானே படணும்? இப்போ யாரு படுறா?’ மறுநாளே செருப்பை மாட்டிக்கிட்டா. அதுவும் போச்சு.

மூணாவது வருஷம் பேச்சையே விட்டா. ஒரு வார்த்தை பேசல. பக்கத்து வீட்டு ரோணிக்கம்மா கிழவிகிட்ட விவரம் சொல்லித்தான் வச்சிருந்தா. அது மறந்து மறந்து போயிரும். ம் சொல்லு. ம்.

பெரிய வெள்ளி வந்துச்சு. அன்னிக்குக் கோயில்ல மணி அடிக்க மாட்டாங்க, மரக்கட்டையைத்தான் தட்டுவாங்க. கடகட, கடகடன்னு சத்தம். அருளாயி புதுச்சேலை கட்டி வாசல்ல கால வச்சா.

அப்போ உள்ள இருந்து, “யாரு, அருளாயியா?”

பேசல.

“தாயி, இருக்கியா?”

பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா.

அப்போ கிழவி தனக்குத்தானே மெதுவாக் கேட்டுச்சு: “ஒருத்தரும் பேச மாட்டேங்குறாங்களே. நான் செத்துப் போயிட்டேனோ?”

அருளாயி சட்டுன்னு திரும்புனா. உள்ள ஓடுனா. “இருக்கீங்க மாமி. நானும் இங்கதான் இருக்கேன்.”

அவ்வளவுதான், ஒறுத்தல் உடைஞ்சு போச்சு. கிழவி அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, நூறு தடவை சொன்ன தன் கல்யாணக் கதையை முதல்ல இருந்து ஆரம்பிச்சுது. வெளிய ரோணிக்கம்மா கூப்பிட்டா. “அருளாயி, சிலுவை நம்ம தெருவுக்கு வந்துருச்சு, வா.”

“நான் பேசிட்டேன் அக்கா. நீங்க போங்க.”

சிலுவை வாசலைத் தாண்டிப் போச்சு. அருளாயி அழுதா. தோத்துட்டோம்னு அழுதாளா, வேற எதுக்காவதா, அவளுக்கே தெரியல. கிழவி பேசிப் பேசிக் களைச்சு அவ தோள்ல சாஞ்சு தூங்கிருச்சு. அசைஞ்சா முழிச்சுரும்னு அருளாயி அப்படியே உக்காந்திருந்தா.

அவ சிலுவையைத் தூக்குனாளா, கீழ போட்டாளா? எனக்கும் தெரியலடி கண்ணு. அவளுக்கும் கடைசி வரைக்கும் தெரியல. தோளு மட்டும் ரெண்டு நாளைக்கு வலிச்சுதாம். கதை அவ்வளவுதான், கண்ணை மூடு.