இஞ்ஞாசி படகுக்கு மேல்தட்டுப் போட்ட கதை

ஆமைத்துறை ஆட்களைப் பற்றி யாராவது சொன்னால் பாதியைத்தான் நம்புவீர்கள். இது நீங்கள் நம்பாமல் விட்ட பாதியில் உள்ள கதை.

ஆமைத்துறை இஞ்ஞாசிக்கு அடுத்த கரைப் பிலோமி மேல் உயிர். பிலோமியின் அப்பா கயித்தானுக்கோ படகு மேல் உயிர். "திருநாளன்னைக்குப் பாய் கட்டின சொந்தப் படகுல சீரோட எங்க கரைக்கு வா. மேல்தட்டுல நான் ஏறிக் குதிப்பேன். தாங்கிச்சுன்னா பொண்ணு உனக்கு" என்று அவர் சொல்லிவிட்டார். இஞ்ஞாசியும் எங்கெங்கோ அலைந்து, ஓர் ஓட்டல் வாசலில் பல வருஷமாக அழகுக்கு நின்ற பழைய பைபர் பாய்ப்படகை வாங்கிவந்தான். காலை வைத்தால் மேல்தட்டு மெத்தை மாதிரி அமுங்கியது. மாமா குதித்தால் என்ன ஆகும் என்று நினைத்ததுமே ஆள் தேடி ஓடினான்.

பைபர் வேலை தெரிந்த வியாகுலம் மேஸ்திரி வந்து பார்த்தார்.

"அடிப்பக்கம் முழுக்கக் கெட்டி பைபர். அதுக்கு ஒண்ணும் வராது. மேல்தட்டுதான் சங்கதி. மேல ஒரு தோல், கீழ ஒரு தோல், நடுவுல இலேசான கட்டை. கனமும் இருக்கக் கூடாது, பலமும் வேணும்னு படகு கட்டினவன் அப்படிச் செஞ்சிருக்கான். திருகாணி ஓட்டை வழியா மழைத்தண்ணி இறங்கிக் கட்டை ஊறிப்போச்சு. சுத்தியலால தட்டிப் பாருங்க. டங்குன்னா நல்லாருக்கு. தொப்புன்னா உள்ள ஊறிக் கிடக்கு. அங்க சாக்பீஸால வட்டம் போடுங்க. பொறவு தோலை அறுத்து, உள்ள இருக்கறதை வழிச்சு எடுத்துட்டு, இலேசா, நல்லாக் காஞ்சதா, சின்னச் சின்னச் சதுரத் துண்டா நெருக்கி அடுக்கி, ரெசின் பசை ஊத்தி மூடுங்க. இறுகினா கல்லு மாதிரி ஆயிரும். மறுபடி ஊறக் கூடாது, அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். பாவம், நல்ல மனுஷர். இவர்களைத் தனியாக விட்டுப் போனது மட்டும்தான் அவர் செய்த தப்பு.

இஞ்ஞாசிக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர். தொம்மைக்கு உடம்பு பெரிசு, லாசருக்கு யோசனை பெரிசு. லாசர் தட்டத் தட்ட, தொம்மை வட்டம் போட்டுக்கொண்டே போனான். மேல்தட்டு முடிந்தது. ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று மேஸ்திரி சொல்லவில்லையே! ஆகவே கீழே இறங்கிக் கடற்கரை மணலைத் தட்டினார்கள். தொப்.

"ஊரே ஊறிக் கிடக்குல" என்று லாசர் வருத்தப்பட்டான். பிறகு இஞ்ஞாசியின் தலையைத் தட்டினான். டங். மூன்று பேருக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்துத் தொம்மையின் வயிறு. தொப்.

"வட்டம் போடு" என்றான் லாசர்.

"என் வயித்துலயா?"

"தொப்புன்னா வட்டம்னாருல்லா. ஆளுக்கொரு சட்டமா?"

நியாயம்தான் என்று தொம்மை தன் கையாலேயே வட்டம் போட்டுக்கொண்டான். வட்டத்துக்கு அடுத்த வேலை என்ன என்பது அப்புறம்தான் அவனுக்கு நினைவுக்கு வந்தது.

"தோலை அறுக்கணுமோ?"

லாசர் குனிந்து வட்டத்தை உற்றுப் பார்த்தான். "ஓட்டை வழியாத்தான் தண்ணி இறங்கும்னாரு. உன் வயித்துல ஓட்டை இருக்கா?"

தொம்மை தொப்புளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "இல்லவே இல்ல" என்றான். அதோடு அவனை விட்டுவிட்டார்கள்.

படகின் தோலை அறுத்தார்கள். உள்ளே கட்டை ஊறின அவல் மாதிரி இருந்தது. வழித்துப் போட்டாயிற்று. அந்த இடத்தில் எதை அடுக்குவது?

"கட்டை வேணும்லா?" என்றான் இஞ்ஞாசி.

"கட்டைன்னா சொன்னாரு? இலேசா, காஞ்சதா, சதுரத் துண்டான்னுல்லா சொன்னாரு" என்றான் லாசர்.

"கருவாடு?" என்றான் தொம்மை.

"காஞ்சிருக்கு. ஆனா சதுரம் இல்ல."

"செங்கல்லு?"

"சதுரம். ஆனா இலேசு இல்ல."

மூவரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் லாசரின் பார்வை படகுக் கொட்டகையின் மூலையில் இருந்த தகரப் பெட்டிகள் மேல் விழுந்தது. கயித்தானுக்கு டீயும் ரஸ்க்கும் இல்லாமல் பொழுது விடியாது என்று, சீருக்காகப் பேக்கரியில் சொல்லிச் செய்து வாங்கிய ரஸ்க். இலேசு. காய்ந்தது. சதுரம்.

"அது மாமா வீட்டுக்குப் போற சீருல்லா?" என்று இஞ்ஞாசி பதறினான்.

"படகும் மாமா வீட்டுக்குத்தானல போவுது?" என்றான் லாசர்.

இஞ்ஞாசியே முதல் பெட்டியைத் திறந்தான். ஒரு துண்டு விடாமல் நெருக்கி அடுக்கி, ரெசின் ஊற்றி மூடினார்கள். மறுபடி ஊறவே கூடாது என்று இஞ்ஞாசி அந்தோனியாருக்கு ஒரு மெழுகுவர்த்தியும் கொளுத்தினான்.

திருநாளன்று பாய் விரித்துப் போனார்கள். கயித்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேல்தட்டில் ஏறினார். குதித்தார். அசையவில்லை. திருப்தியாகாமல் தம்பியையும் கூப்பிட்டு ஏற்றிக் குதித்தார். அசையவில்லை. இஞ்ஞாசிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கரையில் நின்ற பிலோமி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"படகு பிரமாதம் மாப்ள! சீரு எங்க?"

"நீங்க அது மேலதான் நிக்கிறீங்க மாமா."

கயித்தான் காலடியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் இஞ்ஞாசி ரம்பத்தை எடுத்து, மேல்தட்டை அறுத்து, ஒரு ரஸ்க்கைப் பெயர்த்துப் பணிவாக நீட்டினான். அவர் கடித்தார். முன்பல் ஒன்று உள்ளங்கையில் வந்து விழுந்தது.

கல்யாணம் போச்சு என்று இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் அந்தக் கரையும் ஆமைத்துறையும் காலங்காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. புத்தியும் இரண்டு பக்கமும் சமமாகவே போய்ச் சேர்ந்திருந்தது.

"ரஸ்க்கை யாராவது வெறும் வாயில கடிப்பாங்களா? தப்பு எம்மேலதான்" என்றார் கயித்தான் பொக்கை வாயோடு. "டீயில முக்கி வைப்போம். ஊறினதும் ஆளுக்கு ஒரு வாய் தின்னுட்டு, கல்யாணத் தேதி குறிப்போம்."

அவர்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊறவே கூடாது என்று அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி கொளுத்திய இஞ்ஞாசி, சீக்கிரம் ஊறட்டும் என்று இப்போது இன்னொன்று கொளுத்துகிறான். டீ ஆற ஆறப் பிலோமி மாற்றி ஊற்றுகிறாள். அவளுக்கும் பொறுமை போய்விட்டது போல. சீனி கூடினால் சீக்கிரம் ஊறும் என்று நேற்றிலிருந்து அதைக் கூட்டிப் போடுகிறாளாம்.