தாய்மாமன் சீருக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

பொள்ளாச்சியில் கோகிலவாணி என்றொரு குரு இருந்தாள். வயது முப்பத்தொன்று. மாடியில் கம்ப்யூட்டர் கடை. கம்ப்யூட்டரில் படவேலை பார்க்கும் கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட வைப்பதில் அந்தப் பக்கத்தில் அவளுக்கு நிகர் இல்லை.

சீடர் தணிகாசலத்துக்கு வயது நாற்பத்தொன்பது. கல்யாண வீடியோ எடுப்பவர். குரு அவரை அண்ணா என்பாள். அவர் குருவை அம்மிணி என்பார்.

ஒரு நாள் கடை திறக்குமுன்பே படியில் வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் சிபியு, கைக்குழந்தை மாதிரி.

“என்னங்ண்ணா, உங்க அக்கா மக கல்யாணமில்லீங்களா?”

“சாயங்காலம் ஆறரைக்கு ரிசப்ஷன், நாளைக்குக் காலைல முகூர்த்தம். படம் இன்னும் முடியலைங் அம்மிணி.”

அந்தப் படம்தான் அவருடைய தாய்மாமன் சீர். பெண் பிறந்ததிலிருந்து நேற்றைய நலங்கு வரை தான் எடுத்து வைத்ததையெல்லாம் கோத்து, மண்டபத்துத் திரையில் போடுவதாகச் சொல்லியிருந்தார். தட்டில் வைக்க வேறொன்றும் வாங்கவில்லை. சொந்தமெல்லாம் கேட்கும்படி சொல்லியும் ஆயிற்று. இனி கம்ப்யூட்டர் அதை முழுப்படமாக ஆக்கித் தரவேண்டும். அது பாதி தூரம் போகும், திரை கறுக்கும், நின்றுவிடும். நேற்றிலிருந்து இதே கதை.

“கார்டுல என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“நீங்க குடுத்த நம்பர்தானுங்.”

“நான் எப்பங்ண்ணா குடுத்தேன்?”

“போன மாசம் உங்க கார்டுக்குப் போட்டீங்களே. பின்னாடி நின்னு பாத்து மனப்பாடம் பண்ணிப்போட்டேன்.”

குரு மெஷினைப் போட்டுப் பார்த்தாள். வேகம், வோல்டேஜ், எல்லாம் அவள் வைத்ததேதான். ஒரு புள்ளி பிசகவில்லை.

“உங்களுதும் என்னுதும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். அட்டைப்பெட்டி கூட ஒண்ணுதானுங்” என்றார் சீடர்.

“நீங்களும் அக்காவும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானுங்களே?”

“ஆமாங்.”

“அக்காவுக்குச் சக்கரை இருக்குதா?”

“ரொம்ப வருசமா இருக்குதுங்.”

“அவுங்க மாத்திரையை நீங்களும் போட்டுக்கறதுதானே?”

சீடருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

குரு எல்லாவற்றையும் அழித்து, கார்டைக் கம்பெனி நிலைக்கே கொண்டுவந்தாள். படத்தை ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஃபேன் அலறியது. சூடு ஏறியது. வேகம் தானாக இறங்கியது.

“நிக்காமத்தான் ஓடுது. ஆனா இப்பிடிப் போனா பொண்ணோட முதக் கொழந்தைக்குக் காது குத்தறப்பத்தான் படம் வருமுங்” என்றார் சீடர்.

“வேகம் ஏன் எறங்குது?”

“சூடுங்.”

“சூடு எதனால?”

“வேலை செய்யறதனால.”

“வேலைக்கு வேணுங்கறதுக்கு மேல கரண்டு குடிக்கறதனால. எந்தக் கார்டும் நின்னுறக் கூடாதுன்னு கம்பெனிக்காரங்க எல்லா எலைக்கும் வழிய வழியப் போட்டு அனுப்பறாங்க.”

அவள் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தாள்.

சீடர் பதறினார். “அம்மிணி, நான் வேகம் கேட்டு வந்தேன். நீங்க சோத்தைக் கொறைக்கறீங்க.”

“கல்யாணச் சாப்பாடு சாப்புட்டு எந்திரிச்சு நீங்க கேமரா தூக்குவீங்களாண்ணா?”

“அதெப்படிங்? எடுக்க வேண்டியதையெல்லாம் பந்திக்கு முந்தியே எடுத்துருவனுங்.”

“ம்” என்றாள் குரு. இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.

குறைக்கக் குறைக்க, படத்தின் ஒரு துண்டை ஓட்டிப் பார்த்தாள். ஃபேன் அடங்கியது. சூடு இறங்கியது. வேகம் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் வேகத்தையும் ஒரு பிடி கூட்டினாள். கார்டு முனகவில்லை.

சீடர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இன்னும் கொறைங்.”

“போதுங்ண்ணா.”

“ஒரே ஒரு இழை.”

குரு மவுஸை அவர் கையில் கொடுத்துவிட்டு டீ போடப் போனாள்.

சீடர் குறைத்தார். ஓடியது. இன்னும் குறைத்தார். ஓடியது. உள்ளே டீ கொதிக்கும் வாசனை வந்தபோது இன்னொரு முறை குறைத்தார். திரை கறுத்தது.

“அம்மிணீ!”

“சக்கரை போட்டுட்டு வர்றனுங்ண்ணா. நீங்க கூப்புட்ட சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு.”

வந்து, வோல்டேஜைக் கறுத்த இடத்திலிருந்து மூன்று படி மேலே ஏற்றி வைத்தாள்.

“ஒரு படி மேல இருந்தாப் பத்தாதுங்களா? எதுக்கு மூணு?”

“இங்க ஏசி ஓடுது. உங்க ரூமுல?”

“மேல சிமெண்ட் ஷீட்டுங்.”

“சித்திரை வருதுங்ண்ணா.”

முழுப் படமும் ஓடத் தொடங்கியது. அறையில் சத்தமே இல்லை. சீடர் குனிந்து ஃபேனில் கை வைக்காத குறையாகப் பார்த்தார். சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அக்கா போனில் வந்தாள். “டேய், மாமனெங்க, சீரெங்கன்னு மாப்பிள்ளை ஊட்டுல கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

“அடுப்புல இருக்குதுன்னு சொல்லுக்கா.”

மதியத்துக்கு மேல் படம் முடிந்தது. குரு அதைக் கடைசி வரை ஓட்டிப் பார்த்தாள். கல்யாணப் பெண் கைக்குழந்தையாய் மூக்கைச் சுளித்த இடத்தில் குருவும் சிரித்தாள். பென் டிரைவில் ஏற்றினாள். சீடர் இதையெல்லாம் பார்க்கவே இல்லை. ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மிணி, அந்த மூணு படில ஒண்ணைக் கொறைச்சு இன்னொருக்கா முழுசா ஓட்டுனா, எவ்வளவு நேரம் மிச்சமாகும்னு தெரிஞ்சுருமுங்.”

குரு பென் டிரைவை அவர் சட்டைப்பையில் போட்டாள். மெஷினை அணைத்தாள். ஒயரைச் சுருட்டி சிபியுவின் மேல் வைத்தாள்.

சீடர் எழுந்தார். படி வரை போனார். திரும்பி வந்தார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிருங்க அம்மிணி, போயிடறேன். இந்தக் கார்டோட உச்சம் எதுங்?”

“ஆறரை மணிக்கு, மண்டபத்துத் திரையில. லேட்டாப் போனீங்கன்னா யாருக்கும் பாக்கக் கெடைக்காது.”