இரண்டு டம்ளர் மோர்

மரியசூசை தலைமையாசிரியருக்கு ஐம்பத்தாறு வயது. கணினியில் அவருக்குக் குரு, முப்பது வயது நஸ்ரின் டீச்சர். குருவைவிடச் சீடருக்கு நரை அதிகம் என்று பயிற்சி மையத்தில் ஒரு கேலி உண்டு. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஒன்றியத்து ஆசிரியர்கள் இருபது பேருக்குக் கணினியில் பாடம் தயாரிக்கக் கற்றுத்தரும் பொறுப்பு மரியசூசைக்கு. மறுநாள் அதிகாரி வருகிறார். ஆசிரியர்கள் தங்கள் கையால் செய்து காட்டாவிட்டால் மடிக்கணினிகள் அத்தனையும் பக்கத்து ஒன்றியத்துக்குப் போய்விடும்.

காலையிலேயே மரியசூசை நஸ்ரின் முன் வந்து நின்றார்.

"ஒருத்தரும் ஒத்துழைக்க மாட்டேங்கிறாங்க டீச்சர். இருபது பேர் பாடத்தையும் நானே போட்டுக் கொடுத்தேன். தொண்டத் தண்ணி வத்திப்போச்சு. இவங்களை எப்படித்தான் நடத்துறது?"

"மோர் இருக்கு சார்."

ஆவலாகக் கை நீட்டினார். நஸ்ரின் அவர் கைக்கு ஒரு டம்ளராகக் கொடுத்து, இரண்டிலும் தளும்பத் தளும்ப ஊற்றினாள்.

"குடிக்கக் கூடாது. கீழே வைக்கக் கூடாது. அப்படியே வகுப்புக்குப் போயிட்டு வாங்க."

குரு சொல்லைத் தட்டுவாரா? போனார்.

"சார், படம் வரல!" என்றது முதல் வரிசை.

வழக்கமாக மவுஸைப் பிடுங்கி அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். இன்றும் ஓடித்தான் போனார். கை காலியில்லை. தவிப்புத் தாங்காமல் கத்தினார்:

"யாருக்காவது தெரிஞ்சா வந்து சொல்லுங்களேன்!"

மூன்று நாளாக வாயே திறக்காத செண்பகவல்லி டீச்சர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தார். படம் வந்துவிட்டது. அவருக்குக் குரல் பதிவு செய்ய வரவில்லை. அதைப் பக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியார் காட்டினார். அப்புறம் யார் யார் மேசையில் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஒரே சத்தம், சிரிப்பு. சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

மரியசூசை ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். சட்டையெல்லாம் மோர். முகமெல்லாம் சந்தோஷம்.

"டீச்சர்! இருபதும் ஓடுது! நான் ஒரு பட்டனைக்கூடத் தொடல! அந்தச் செண்பகவல்லி என்னா போடு போடுறாங்க! நாளைக்கு எந்த அதிகாரி வேணா வரட்டும்!"

டம்ளர்களை மேசைமேல் வைத்தார். நஸ்ரினின் திரையில் தலைப்பு ஒன்று கொஞ்சம் விலகி இருந்தது. பேச்சோடு பேச்சாக அவர் கை அவள் மவுஸை நோக்கிப் போனது.

நஸ்ரின் அந்தக் கையைப் பார்த்தாள்.

"நாளைக்கும் ரெண்டு டம்ளர் ஊத்தி வைக்கிறேன் சார்."